பிக்கப் வண்டியில் ஹாம் நிலையம்: எஸ்டபிள்யூஆர் மீட்டர் மறைத்த பழுது

இரட்டை வரிசை இருக்கைகள் கொண்ட டீசல் பிக்கப் வண்டி ஒன்றில் ஹாம் (அமெச்சூர்) வானொலிக்கான 100 வாட் எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) டிரான்ஸீவர் (அனுப்பவும் பெறவும் வல்ல கருவி) ஒன்றையும் 50 வாட் விஎச்எஃப்-யுஎச்எஃப் (30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்) கருவி ஒன்றையும் பொருத்தி, அவை சரிவர இயங்காததால் ஏறத்தாழ எல்லாவற்றையும் பிரித்து மறுபடி பொருத்திய நிகழ்வின் ஆய்வு இது. வண்டி என்னுடையது, முதலில் பொருத்தியவனும் நானே என்பதால், இதில் வரும் தவறுகளுக்கு வேறு யாரையும் பொறுப்பாக்க இயலாது. வீட்டு மேசைமேல் இருந்தவரை எந்தக் குறையும் காட்டாத அதே டிரான்ஸீவர், வண்டிக்குள் போனதும் நான்கு விதமாகத் தொல்லை கொடுத்தது. என்ஜின் நின்றிருக்கும்போது உரக்கப் பேசினால் கருவி அணைந்து மீண்டும் உயிர்பெற்றது. என்ஜின் ஓடும்போது 7 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல், கருவியின் எஸ்-மீட்டர் காட்டும் ஒன்பது படிகளில் ஏழாவதான எஸ்-7 அளவில் நின்றது. 14 மெகாஹெர்ட்ஸில் மைக்கை அழுத்திப் பேசினால் பின்பக்க பார்க்கிங் சென்சார் கூவியது. நான்காவது தொல்லைதான் மற்ற மூன்றையும்விடப் புரியாததாக இருந்தது: எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து திறன் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம்; 1.0 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.3 என்று மீட்டர் காட்டிக்கொண்டிருக்க, எனக்குத் தெளிவாகக் கேட்ட நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்கு என் குரல் எட்டவே இல்லை.

இந்த நான்காவது தொல்லையைத் தேடிப் போனபோதுதான் மற்றவற்றில் இரண்டுக்கும் காரணம் அகப்பட்டது. ஆகவே ஆய்வின் பெரும்பகுதி அதைச் சுற்றியே அமைகிறது.

முதல் பொருத்தம்

முதல் பொருத்தம் ஒரே நாளில் முடிந்தது. டிரான்ஸீவரின் உடலைப் பின்னிருக்கையின் அடியிலும், கழற்றக்கூடிய அதன் முகப்பைத் தனிக் கேபிள் வழியாக டேஷ்போர்டின் நடுப்பகுதியிலும் வைத்தேன். இந்த ஏற்பாடு மட்டும் இன்றுவரை மாறவில்லை. முகப்பு சிறியது என்பதால் ஓட்டுநரின் பார்வையை மறைக்காது. ஏர்பேக் விரியும் இடத்துக்கு வெளியே அதை வைக்க முடிகிறது. உடல் பின்னால் இருப்பதால் அதன் வெப்பத் தகடுகளைச் சுற்றிக் காற்று போகக் கை அகலம் இடம் விட முடிந்தது. இருக்கையின் அடியில் கருவியைத் திணித்துவிட்டு, அதன்மேல் துணியும் பையும் கிடக்க விடுபவர்களின் கருவிகள் நீண்ட உரையாடலில் தாமாகவே திறனைக் குறைத்துக்கொள்வதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

மின்சாரத்துக்கு, கருவியோடு வந்த கேபிளில் ஒரு மீட்டர் நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பேட்டரி வரையிலான மீதி 4.5 மீட்டருக்குக் கையிலிருந்த 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியை ஓட்டினேன். எச்எஃப் ஆன்டெனா, நடுவில் சுருள் வைத்த 2.4 மீட்டர் நீளக் கம்பம். சுருளை மாற்றினால் 7 மெகாஹெர்ட்ஸிலும் 14 மெகாஹெர்ட்ஸிலும் இயங்கக்கூடியது. அதைப் பின்தொட்டியின் பக்கச் சுவரில் கிளாம்ப் போட்டு நிறுத்தினேன். விஎச்எஃப் ஆன்டெனாவைக் காந்த அடித்தட்டோடு கேபின் கூரையில் வைத்து, அதன் கேபிளைக் கதவின் ரப்பர் விளிம்பு வழியாக உள்ளே நுழைத்தேன்.

மின்சாரம்

முதல் தொல்லைக்கு விடை காண அதிக நேரம் ஆகவில்லை. இத்தகைய டிரான்ஸீவர்கள் 13.8 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்டவை. 15 சதவீத ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் என்று கையேடு சொல்கிறது. அப்படியானால் கீழ் எல்லை 11.7 வோல்ட். ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை (திறனை வானில் ஏற்றாமல் வெப்பமாக்கும் 50 ஓம் தடையை) இணைத்து, முழுத் திறனில் பத்து விநாடி தொடர் அலையை அனுப்பி, கருவியின் பின்புற முனையிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பேசிக்கொண்டே அளந்தால் பயன் இல்லை. குரலின் உச்சத்தில் ஒரு கணம் மட்டும் விழும் வோல்ட்டேஜைச் சாதாரண மல்டிமீட்டர் பிடிக்காது. 20 ஆம்பியர் ஓடிய அந்தப் பத்து விநாடியில் பேட்டரி முனையில் 12.2 வோல்ட் இருந்தது, கருவியில் 10.4 தான் இருந்தது.

கணக்கும் அதையே சொல்கிறது. 2.5 சதுர மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிஓம் மின்தடை உடையது, போக 4.5, வர 4.5 என்று 9 மீட்டருக்கு 72 மில்லிஓம். 20 ஆம்பியரில் இழப்பு 1.4 வோல்ட்டைத் தாண்டுகிறது. ஃப்யூஸ் கூடும் முறுக்கிச் சுற்றிய இணைப்புகளும் மீதி 0.4 வோல்ட்டை விழுங்கியிருந்தன. அந்த ஃப்யூஸ் கூட்டைத் தொட்டபோது விரல் சுட்டது. மேசைமேல் இருந்தபோது குறை தெரியாததற்குக் காரணம், அங்கே மின்வழங்கிக்கும் கருவிக்கும் இடையே ஒரு மீட்டர் கேபிள் மட்டுமே இருந்தது.

இரண்டாம் முறை 16 சதுர மி.மீ. பல இழைக் கம்பியைப் பயன்படுத்தினேன். அதே தொலைவில் அதன் இழப்பு 0.22 வோல்ட். அதைப் பின்னிருக்கையின் அடியில் ஒரு பகிர்வுக் கட்டையில் முடித்து, அங்கிருந்து எச்எஃப் கருவிக்கு 25 ஆம்பியர், விஎச்எஃப் கருவிக்கு 15 ஆம்பியர் என்று தனித்தனி ஃப்யூஸ் வைத்தேன். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் 40 ஆம்பியர் முதன்மை ஃப்யூஸ் உள்ளது. இந்த முதன்மை ஃப்யூஸ் காப்பது கம்பியைத்தான், கருவியை அன்று. கம்பி எங்காவது உரசித் தோல் உரிந்து வண்டியின் உடலைத் தொட்டால், ஃப்யூஸுக்கு முந்தைய பகுதி முழுவதும் தீப்பற்றும் அபாயத்தில் இருக்கும். அதனால்தான் அந்தப் பகுதி இயன்றவரை குட்டையாக இருக்க வேண்டும். கம்பி என்ஜின் அறையிலிருந்து கேபினுக்குள் நுழைய, ஏற்கெனவே இருந்த ரப்பர் கிராமெட்டைப் பயன்படுத்தினேன். நெளிகுழாய்க்குள் வைத்து, சைலன்ஸர் குழாய்க்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் பெடல்களுக்கும் எட்டாத வழியில் கட்டினேன்.

எதிர்முனையை எங்கே இணைப்பது என்பதில் பழைய பழக்கம் என்னைத் தவறவிட்டது. இரு முனைகளையும் நேராகப் பேட்டரிக் கொம்பிலேயே இணைக்க வேண்டும், இரண்டிலும் ஃப்யூஸ் வைக்க வேண்டும் என்பதுதான் நான் கற்ற பாடம். என்ஜினைத் தானாக நிறுத்தித் தொடங்கும் வசதியுள்ள இந்த வண்டியில், பேட்டரியின் எதிர்முனைக் கொம்பில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் ஒன்று அமர்ந்திருக்கிறது. நேரடியாகக் கொம்பில் இணைத்தால் ரேடியோ இழுக்கும் 20 ஆம்பியர் சென்சாரின் கணக்கில் வராது. பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வண்டியின் கணினி தவறாக மதிப்பிட்டு, ஆல்டர்னேட்டரையும் தவறாகவே இயக்கும். ஆகவே இரண்டாம் முறை, பேட்டரியின் எதிர்முனைக் கேபிள் வண்டியின் உடலைத் தொடும் போல்ட்டில் ரேடியோவின் எதிர்முனையை இணைத்தேன். எதிர்முனைக் கம்பியில் ஃப்யூஸ் வைத்த வழக்கத்துக்குக் காரணம், என்ஜினின் எர்த் பட்டை அறுந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ரேடியோவின் கம்பி வழியே திரும்பி ஓடக்கூடும் என்ற அச்சம். இணைப்பு உடல் பக்கம் வந்துவிட்டதால் அந்த ஃப்யூஸை நீக்கினேன்.

இவ்வளவுக்குப் பிறகும் என்ஜின் நின்றிருக்கும்போது கருவியில் கிடைப்பது 11.8 வோல்ட்தான். எல்லைக்கு மேலே இருக்கிறது என்பதைத் தவிர வேறு பெருமை அதில் இல்லை. என்ஜின் ஓடினால் 14 வோல்ட் உறுதி என்றும் நம்ப முடியாது: எரிபொருளைச் சேமிப்பதற்காக, பேட்டரி நிறைந்ததும் கணினி ஆல்டர்னேட்டரை 12.6 வோல்ட் வரை இறக்கிவிடுவதை இந்த வண்டியில் பலமுறை பார்த்தேன்.

வண்டி ஒரே உலோகம் அன்று

இனி நான்காவது தொல்லைக்கு வருவோம். 7.1 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 42 மீட்டர். கால் அலைநீளக் கம்பம் 10.5 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். வண்டியில் நிற்பது 2.4 மீட்டர். இவ்வளவு குட்டையான கம்பத்தின் கதிர்வீச்சுத் தடை மிகச் சிறியது. சுருள் அடியில் இருந்தால் ஏறத்தாழ 1.3 ஓம், நடுவில் இருந்தால் 2 ஓம் அளவுக்கு வரும். ஆன்டெனாவின் அடியில் அளக்கும்போது தெரியும் மொத்தத் தடையில் இந்த 2 ஓம் மட்டுமே வானலையாக மாறுகிறது. மீதி எல்லாம் சுருளிலும், வண்டியின் உடலிலும், கீழே இருக்கும் மண்ணிலும் வெப்பமாகிறது.

ஆன்டெனாவின் தடையை அளக்கும் அனலைசர் கருவியை அடியில் இணைத்தபோது, ஒத்திசைவில் அது காட்டியது 38 ஓம். 50 ஓம் கேபிளுக்கு இது 1.3 எஸ்டபிள்யூஆர். மீட்டர் பொய் சொல்லவில்லை. நான்தான் கேள்வியைத் தவறாகக் கேட்டிருந்தேன். ஒரு டம்மி லோடும் 1.0 எஸ்டபிள்யூஆர் காட்டும். அதை யாரும் ஆன்டெனா என்று சொல்வதில்லை. 38 ஓமில் 2 ஓம் என்றால் பயன்திறன் 5 சதவீதம்: 100 வாட் உள்ளே போகிறது, 5 வாட் வெளியே போகிறது. மற்றவர்கள் எனக்குக் கேட்டதும் நான் அவர்களுக்குக் கேட்காததும் இதனால்தான். அவர்களில் பலர் முழு நீளக் கம்பி ஆன்டெனாவில் 100 வாட்டையும் வானில் ஏற்றுகிறார்கள்.

36 ஓம் எங்கே போனது என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கே பிக்கப் வண்டியின் கட்டமைப்பைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். கார் போன்ற வாகனத்தில் உடல் பெரும்பாலும் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பிக்கப்பில் அடியில் ஏணி வடிவச் சேஸிஸ் தனியாக இருக்கிறது. கேபின் அதன்மேல் ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கிறது. பின்தொட்டி வேறொரு துண்டு; பெயின்ட் பூசிய தகடு, பெயின்ட் பூசிய சேஸிஸின்மேல் சில போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது. டெயில்கேட்டும் பானட்டும் கீல்களில் தொங்குகின்றன. சைலன்ஸர் குழாய் முழுவதும் ரப்பர் வளையங்களில் ஊஞ்சலாடுகிறது. கண்ணுக்கு ஒரே வண்டி. ரேடியோ அலைக்கு, அருகருகே மிதக்கும் ஆறேழு உலோகத் துண்டுகள். என் ஆன்டெனாவோ இவற்றில் மிக மோசமாக இணைந்திருந்த பின்தொட்டியில் நின்றது. கம்பத்தின் மின்னோட்டத்துக்கு ஈடாகத் திரும்பும் எதிர்மின்னோட்டம் சேஸிஸுக்கும் கேபினுக்கும் பரவ வழி இல்லாமல், கருவியை ஆன்டெனாவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளின் உலோக வெளியுறையைப் பிடித்துக்கொண்டு கேபினுக்குள் நுழைந்தது.

பின்தொட்டிக்கும் சேஸிஸுக்கும் இடையே மல்டிமீட்டர் 0.2 ஓம் காட்டியதால் நான் முதலில் இந்த வழியில் யோசிக்கவே இல்லை. அந்த 0.2 ஓம் நேர்மின்னோட்டத்துக்கு உரியது. டெயில் விளக்குக்குப் போகும் எர்த் கம்பி ஒன்று எங்கோ சேஸிஸைத் தொட்டாலே மல்டிமீட்டர் திருப்தி அடைந்துவிடும். ஆனால் 30 செ.மீ. நீளமுள்ள சாதாரண உருண்டைக் கம்பிக்கு ஏறத்தாழ 0.32 மைக்ரோஹென்றி மின்தூண்டல் உண்டு. அது 7 மெகாஹெர்ட்ஸில் 14 ஓமாகவும், 28 மெகாஹெர்ட்ஸில் 56 ஓமாகவும் தடுக்கிறது. மொத்தக் கதிர்வீச்சுத் தடையே 2 ஓமாக உள்ள இடத்தில் 14 ஓம் சிறு எண் அன்று. இதே காரணத்தால்தான், உலோகத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் பாண்டிங் பட்டை அகலமாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும்: 25 மி.மீ. அகலமும் 15 செ.மீ. நீளமும் உள்ள தட்டையான பட்டையின் மின்தூண்டல் மேற்சொன்ன கம்பியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

பாண்டிங் வேலை இரண்டு நாள் எடுத்தது. சொல்ல வேண்டியது அதிகம் இல்லை, செய்ய வேண்டியதுதான் அதிகம். வெள்ளீயம் பூசிய 25 மி.மீ. செம்புப் பின்னல் பட்டைகளை, பின்தொட்டியின் நான்கு மூலைகளிலிருந்து சேஸிஸுக்கும், பின்தொட்டியின் முன்விளிம்பிலிருந்து கேபினின் பின்சுவருக்கு இரண்டு இடங்களிலும், கேபினிலிருந்து சேஸிஸுக்கும், பானட்டின் இரு கீல்களிலும், டெயில்கேட்டிலும், சைலன்ஸர் குழாயில் மூன்று இடங்களிலும் போட்டேன். ஒவ்வொரு இடத்திலும் பெயின்ட்டைப் பளபளக்கும் உலோகம் வரை சுரண்டி, பல் வைத்த ஸ்டீல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே துருத்தடுப்புக் கிரீஸ் பூசினேன். வண்டியின் உடல் அலுமினியமாக இருந்தால் இங்கே கூடுதல் கவனம் வேண்டும்; ஃபோர்டு எஃப்-150 வண்டி 2015 மாடல் முதல் அலுமினிய உடலோடு வருகிறது. வெறும் செம்பு அலுமினியத்தை நேராகத் தொட்டால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கப்படும். அத்தகைய வண்டியில் காந்த அடித்தட்டும் நிற்காது.

அளவீடு கெட்டது, நிலையம் தேறியது

பாண்டிங் முடிந்தபின் அனலைசரை மறுபடி இணைத்தேன். தடை 38 ஓமிலிருந்து 17 ஓமுக்கு இறங்கியிருந்தது. எஸ்டபிள்யூஆர் 1.3 இலிருந்து 2.9 ஆக ஏறியிருந்தது. எண்களின் பொருள் தெரியாமல் மீட்டரை மட்டும் பார்ப்பவர், இரண்டு நாள் உழைப்பு வண்டியைக் கெடுத்துவிட்டது என்று முடிவுகட்டி எல்லாப் பட்டைகளையும் பிடுங்கியிருப்பார். உண்மையில் 21 ஓம் வீண் தடை காணாமல் போயிருக்கிறது. பயன்திறன் 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்தை நெருங்கியிருக்கிறது.

அடுத்து சுருள். முதலில் இருந்தது மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றி, பிளாஸ்டிக் குழாயில் மூடியது. அதைத் தடித்த கம்பியில், இடைவெளி விட்டு, அகன்ற விட்டத்தில் சுற்றியதாக மாற்றியபின் மொத்தத் தடை 13 ஓமானது. பயன்திறன் 15 சதவீதம், எஸ்டபிள்யூஆர் 3.8. இதற்குமேல் இறங்குவது கடினம், ஏனென்றால் மீதியுள்ளதில் ஒரு பங்கு மண்ணில் போகும் இழப்பு. அதைப் பட்டை போட்டு மாற்ற முடியாது. 14 மெகாஹெர்ட்ஸில் நிலைமை இதைவிட நல்லது. அங்கே அதே கம்பம் அலைநீளத்தில் இருமடங்கு பெரிதாகிறது. கதிர்வீச்சுத் தடை நான்கு மடங்காகிறது.

13 ஓமை 50 ஓமாகக் காட்டும் வேலையைக் கருவிக்குள் இருக்கும் ட்யூனரிடம் விட்டுவிடலாம், நான் விடவில்லை. கேபிளில் எஸ்டபிள்யூஆர் உயர்ந்தே இருக்கும், கேபிளின் வெளியுறை மின்னோட்டமும் அப்படியே இருக்கும். ஆன்டெனாவின் அடியிலேயே, கம்பத்துக்கும் எர்த்துக்கும் குறுக்கே ஒரு சிறு சுருள் போதும். அதன் எதிர்ப்பு 30 ஓம் அளவில் இருக்க வேண்டும், 7.1 மெகாஹெர்ட்ஸில் அது 0.66 மைக்ரோஹென்றி. 2 மி.மீ. கம்பியை 25 மி.மீ. விட்டத்தில் 7 சுற்று சுற்றி, 35 மி.மீ. நீளத்துக்கு இழுத்துவிட்டால் அந்த மதிப்பு கிடைக்கிறது. கம்பத்தை மட்டும், இயங்கும் அலைவரிசைக்குச் சற்று மேலே ஒத்திசையும்படி ஒரு நூல் அளவு குறைக்க வேண்டும். அப்போது அது காட்டும் மின்தேக்குத் தன்மையும் சுருளும் சேர்ந்து 13 ஓமை 50 ஆக்குகின்றன. இந்தச் சுருளுக்கு உபபயன் ஒன்று உண்டு: கம்பத்தை நேர்மின்னோட்டத்துக்கு எர்த்தோடு இணைத்துவிடுவதால், தூசிக் காற்றிலும் மழையிலும் கம்பத்தில் சேரும் நிலைமின்சாரம் அவ்வப்போது வடிந்துவிடுகிறது.

2 கி.மீ. தள்ளி நிலையாக வைத்த ஏற்பி ஒன்றில், அதே திறனில், வண்டியை அதே இடத்தில் அதே திசையில் நிறுத்தி ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அளந்தேன். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வேறுபாடு 4.5 டெசிபெல். 38-ஐ 13-ஆல் வகுத்து வரும் கணக்கும் 4.7 டெசிபெல் என்கிறது. வண்டியின் திசையைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு: ஆன்டெனா பின் இடது மூலையில் நிற்பதால், வண்டியின் முன் வலது மூலை நோக்கிச் சற்று அதிகமாகக் கதிர்வீசுகிறது. திசை மாறினால் அளவீட்டின் பொருளும் மாறிவிடும்.

பார்க்கிங் சென்சாரும் இரைச்சலும்

பாண்டிங் முடிந்ததும் பார்க்கிங் சென்சாரின் கூச்சல் பாதியாகக் குறைந்தது, முழுவதும் நிற்கவில்லை. சென்சாரின் வயர்க் கட்டு பின் பம்பரிலிருந்து கேபின் வரை ஏறத்தாழ 5 மீட்டர் ஓடுகிறது. 14 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 5 மீட்டருக்குச் சற்று அதிகம். பக்கத்திலேயே 100 வாட் ஆன்டெனாவை நிறுத்திவிட்டு, அதற்கு வாகான நீளத்தில் இன்னொரு ஆன்டெனாவைப் பம்பருக்குள் ஓடவிட்டது போலாயிற்று. 7 மெகாஹெர்ட்ஸில் சென்சார் வாய் திறக்காததும் இதனாலேயே. வயர்க் கட்டைப் பம்பர் முனையில் ரேடியோ அலைவரிசை மின்னோட்டத்தைத் தடுக்கும் 31-ஆம் கலவை ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் நான்கு சுற்று சுற்றியபின் கூச்சல் நின்றது. ஒரே சுற்றாகக் கவ்வும் ஃபெரைட்டுகளை வரிசையாக மாட்டுவதைவிட இது மேல். தடுப்பாற்றல் சுற்றுகளின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. கோஆக்ஸ் கேபிளையும் ஆன்டெனாவின் அடியிலேயே 61 மி.மீ. வளையம் ஒன்றில் ஆறு சுற்று சுற்றினேன்.

இரைச்சலைத் தேடும் வேலை பொறுமையைச் சோதித்தது. என்ஜின் ஓட, ஏற்பியைக் கேட்டபடி ஒவ்வொரு ஃப்யூஸாக எடுத்துப் பார்ப்பதே வழி. ஏர்பேக், ஏபிஎஸ் ஃப்யூஸ்களை மட்டும் தொடவில்லை. முதலில் அகப்பட்ட குற்றவாளி வண்டியைச் சேர்ந்ததே அன்று. சிகரெட் லைட்டர் குழியில் நான் செருகியிருந்த மலிவான யுஎஸ்பி சார்ஜர். அதைப் பிடுங்கியதும் இரண்டு எஸ்-அலகு இறங்கியது. அதற்குமுன் ஒரு வாரம் என்ஜின் அறையைக் குடைந்துகொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். அடுத்தது சைலன்ஸர் குழாய்: என்ஜினில் பிறக்கும் மின்துடிப்புகளை வாங்கிக்கொண்டு, வண்டியின் முழு நீளத்துக்கும் கொண்டுபோய் ஆன்டெனாவின் காலடியிலேயே விட்டுக்கொண்டிருந்தது. மூன்று இடங்களில் பாண்டிங் செய்தது இங்கே பலன் தந்தது. பின்தொட்டியின் எல்இடி விளக்கு மூன்றாவது. எஞ்சியிருப்பது, காமன் ரெயில் இன்ஜெக்டர்களை இயக்கும் உயர்மின்னழுத்தத் துடிப்புகளின் ‘டிக் டிக்’ ஒலி. வேகத்தோடு ஏறி இறங்குகிறது. அந்த வயர்களில் கைவைக்க எனக்குத் துணிவில்லை. கருவியின் நாய்ஸ் பிளாங்கர் அதைப் பெரிதும் அடக்கிவிடுகிறது. எஸ்-7 இப்போது எஸ்-3.

விஎச்எஃப்

விஎச்எஃப் பக்கம் கதை சிறியது. காந்த அடித்தட்டு கூரையோடு மின்தேக்கியாக இணைவது 145 மெகாஹெர்ட்ஸுக்குப் போதும். ஆன்டெனா நன்றாகவே இயங்கியது. கேபிள்தான் கெட்டது. கதவு ஒவ்வொரு முறை மூடும்போதும் நசுங்கி, ஆறு மாதத்தில் வெளியுறை அறுந்து, மழைநீர் கேபிள் வழியாகவே கேபினுக்குள் வந்தது. கூரையில் 19 மி.மீ. துளையிட்டு என்எம்ஓ வகை ஆன்டெனா அடித்தளம் பொருத்த வெகுநாள் தயங்கினேன். புது வண்டியின் கூரையில் துளையிடும் கை நடுங்காமல் இருப்பதில்லை. உட்கூரையை இறக்கி, குறுக்குச் சட்டங்களும் பக்கவாட்டு ஏர்பேக்கின் பாதையும் எங்கே போகின்றன என்று கண்ணால் பார்த்தபிறகே துளையிட்டேன். துளையின் அடிப்பக்கத்தில் பெயின்ட்டைச் சுரண்டினால்தான் அடித்தளத்தின் பற்கள் உலோகத்தைக் கடிக்கும். மேல்பக்கப் பெயின்ட்டைத் தொடக்கூடாது, ரப்பர் வளையம் அங்கேதான் நீரைத் தடுக்கிறது. கூரையின் நடுவில் நிற்கும் 49 செ.மீ. கம்பி 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலையாகவும், 435 மெகாஹெர்ட்ஸில் முக்கால் அலையாகவும் இயங்குகிறது. நடுக்கூரைக்கு இன்னொரு நன்மை, உள்ளே இருப்பவர்களுக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே உலோகக் கூரை முழுவதும் மறைப்பாக நிற்பது. எச்எஃப் கம்பத்துக்கு அந்த மறைப்பு இல்லை. பின்தொட்டியில் ஆள் நிற்கும்போது நான் மைக்கைத் தொடுவதில்லை.

ஓராண்டுக்குப் பின்

கருவிகள் அனைத்தும் இக்னிஷன் வழியாக இயங்கும் ரிலே ஒன்றின் பின்னால் உள்ளன. சாவியை எடுத்தபின் 30 நிமிடத்தில் அது துண்டித்துவிடும். ஸ்டார்ட்டர் சுழலும்போதும் துண்டிக்கும், அப்போது வோல்ட்டேஜ் விழுந்து எழுவதைக் கருவி பார்க்க வேண்டியதில்லை. கம்பம் நெடுஞ்சாலை வேகத்தில் பின்னோக்கி வளைந்து ஒத்திசைவு நகர்ந்ததால், நடுவிலிருந்து முன்பக்கமாக ஒரு நைலான் கயிற்றைக் கட்டினேன். கயிறு மலிவு, பார்க்க அழகாகவும் இல்லை. ஆனால் வேலை செய்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடியிலுள்ள 7 சுற்றுச் சுருளைக் கழற்றிவிட்டு, கம்பத்தை மறுபடி அதே அலைவரிசையில் ஒத்திசைத்து, ஆன்டெனாவின் வெறும் தடையை அளக்கிறேன். மழைக்காலம் கழிந்த முதல் அளவீட்டில் 13 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 19 ஓம் இருந்தது, எஸ்டபிள்யூஆர் 3.8 இலிருந்து 2.6 ஆக ‘முன்னேறி’ இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பின்தொட்டியின் இடது பின்மூலையில், ஆன்டெனாவுக்கு நேர் கீழே இருந்த பட்டை, சக்கரம் வாரியடித்த சேற்றில் பச்சை பூத்து, போல்ட்டின் அருகே நான்கைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாற்றி, மேலே வெப்பச் சுருக்குக் குழாய் போட்டு மூடினேன். எஸ்டபிள்யூஆர் மீண்டும் 3.8 ஆனது.